தையல் தெரிந்த டாக்டரும் அவருடைய பெருந்தமனியும்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இதயத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். இதயத்தைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். ஸ்டென்ட் என்றால் என்ன, பைபாஸ் என்றால் என்ன என்று காலை வாக்கிங்கிலேயே வகுப்பு எடுக்கக்கூடியவர்கள் நம் பிளாக்கில் இருக்கிறார்கள். அதனால் இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள். தமிழில் பெருந்தமனி. நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம்., உட்கார்ந்தது வங்கி கவுன்ட்டரில். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. நான் சொல்லப்போவது பெரும்பாலும் ஒரு மனிதரின் கதை.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம். 2005 டிசம்பர் 31, சனிக்கிழமை. மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை நிபுணர் வீட்டில் தன் அறையில் உட்கார்ந்து, தான் பேசவேண்டிய ஓர் உரையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். வயது 97. மனைவியும் மகளும் வெளியே போயிருக்கிறார்கள். திடீரென்று மார்பிலும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கிழிப்பது போன்ற வலி. அது கழுத்துக்கு ஏறுகிறது. முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரம் ஆகியும் இதயம் நிற்கவில்லை. அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது, இது பெருந்தமனிக் கிழிசல் என்று. புரியாமல் எப்படி இருக்கும்? அந்த நோய்க்கு ஆபரேஷன் செய்ய உலகத்துக்கு வழி காட்டியவரே அவர்தான். அந்தக் கிழிசலை ஒன்று, இரண்டு, மூன்று என்று வகை பிரித்த பட்டியலுக்கே டிபேக்கி வகைப்பாடு என்றுதான் பெயர்.

அந்த மனிதர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று தோன்றவே இல்லை என்று பிறகு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் சொன்னார். முடியப்போகிறது, முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மனைவியும் மகளும் திரும்பி வந்ததும் ஏதோ தசைப்பிடிப்பு என்று ஒரு பொய்யும் சொன்னார். நம் வீடுகளில் "ஒன்றுமில்லை, வாயு, கொஞ்சம் ஓமத் தண்ணீர் கொடு" என்கிறோமே, அதேதான். ஹூஸ்டன் ஆனால் என்ன, ஆண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. (பெண்கள் பக்கம் சிரிப்பு.)

அவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால் குழாயைப் பார்த்துவிடுவோம். நம் சம்ப்பில் இருக்கும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மெயின் லைன் நேரே மேலே ஏறுகிறது, மொட்டை மாடியில் வளைகிறது, பிறகு கீழே இறங்கி வீடு வீடாகக் கிளை பிரிகிறது. நடுவில் இருக்கும் டேங்க்கை மட்டும் மறந்துவிடுங்கள். பெருந்தமனியும் அப்படித்தான். இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதி. பிறகு வளைவு, மூளைக்கும் கைகளுக்கும் போகிற மூன்று கிளைகள் இந்த வளைவில்தான் பிரிகின்றன. அப்புறம் முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பகுதி. முதுகுத் தண்டு, குடல், சிறுநீரகம், கால்கள் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் சப்ளை. நெஞ்சுக்குள் இதன் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் இதன் வழியாகப் போகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் அடி வாங்குகிற குழாய் இது.

இந்தக் குழாயின் சுவரில் உள், நடு, வெளி என்று மூன்று அடுக்குகள். இரண்டு விதமாக இது கெடும். ஒன்று, சுவர் தளர்ந்து பலூன் மாதிரி மெல்ல மெல்ல உப்புவது. இதற்கு அனியூரிசம் என்று பெயர். பெரும்பாலும் வலியே இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். இன்னொன்று டிசெக்ஷன், அதாவது கிழிசல். உள் அடுக்கில் ஒரு கீறல் விழுகிறது. அந்தக் கீறல் வழியாக ரத்தம் நடு அடுக்குக்குள் புகுந்து, இரண்டு அடுக்குகளையும் பிரித்துக்கொண்டே போகிறது. பழைய பிளைவுட் கதவு தண்ணீர் பட்டு அடுக்கு அடுக்காகப் பிரியுமே, அப்படி. குழாய்க்குள் பொய்யாக இன்னொரு குழாய் உருவாகிவிடும். அது எந்தக் கிளையின் வாயை அடைக்கிறதோ அந்த உறுப்பு பட்டினி. மூளைக் கிளை என்றால் பக்கவாதம். கால் கிளை என்றால் கால் ஜில்லிட்டு மரத்துவிடும். மேலே ஏறும் பகுதியில் கிழிந்தால் ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கசிந்து இதயத்தையே அழுத்தி நிறுத்திவிடலாம். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபரில் ஒருநாள் காலை கழிவறைக்குப் போனவர் அங்கேயே விழுந்து இறந்தார். அவர் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ், இதய உறை முழுக்க ரத்தக் கட்டியையும் பெருந்தமனியில் ஒரு கிழிசலையும் பார்த்து எழுதி வைத்தார். அன்றைக்கு எழுதி வைக்கத்தான் முடிந்தது. அரசராக இருந்தும் அவ்வளவுதான்.

அதன் பிறகு சுமார் இருநூறு வருஷம் நிலைமை மாறவில்லை. குழாயை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? 1950களின் ஆரம்பத்தில் இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த தமனித் துண்டை வைத்துத் தைத்தார்கள். அது தேவையான அளவில், தேவையான நேரத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் சில வருஷங்களில் கெட்டுப்போகும். இங்கேதான் டிபேக்கி வருகிறார்.

அவருடைய பெற்றோர் லெபனானிலிருந்து போய் லூசியானா மாநிலத்தில் குடியேறியவர்கள். அம்மா தையலில் கெட்டிக்காரர். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். பின்னாளில் துணியால் குழாய் தைத்துப் பார்க்கலாம் என்று டிபேக்கிக்குத் தோன்றியபோது, ஹூஸ்டனில் இருந்த ஒரு பெரிய கடைக்குப் போய் நைலான் துணி கேட்டிருக்கிறார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா என்றார்களாம். சரி, கொடு என்று வாங்கிவந்து, வீட்டுத் தையல் மெஷினில் அவரே குழாயாகத் தைத்துப் பரிசோதனைகளில் இறங்கினார். நைலான் கிடைக்காமல் போனதே நல்லதாயிற்று. நைலான் உடம்புக்குள் போனால் நாளடைவில் வலு இழந்துவிடும். டேக்ரான் நிற்கும். இந்த டேக்ரான் வேறு ஒன்றுமில்லை, பாலியெஸ்டர். நாம் காலேஜ் போன காலத்தில் டெரிலின் சட்டை என்று மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அதே ரசாயனம்தான், கம்பெனி வைத்த பெயர்தான் வேறு. அந்தச் சட்டை கிழிந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பாத்திரக்காரரிடம் போட்டுத்தான் ஒழித்தோம்.

வீட்டில் தைத்த குழாய்க்கு ஓரத்தில் தையல் இருக்கும். தையலே இல்லாமல் குழாயாகவே பின்னித் தரும் மெஷினை, பிறகு ஃபிலடெல்பியாவில் இருந்த ஒரு ஜவுளித் தொழில்நுட்பப் பேராசிரியரின் உதவியோடு உருவாக்கினார்கள். இன்றைக்கும் இதயம் சார்ந்த ஆபரேஷன் தியேட்டர்களில் டேக்ரான் குழாய்தான். பார்த்தால் வாஷிங் மெஷினின் டிரெய்ன் ஹோஸ் போலவே சுருக்கம் சுருக்கமாக இருக்கும். வளைக்கும்போது மடிந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தச் சுருக்கம். ஆரம்ப காலத்தில் துணியின் இழை வழியாக ரத்தம் கசியும் என்பதால், நோயாளியின் ரத்தத்தையே அதில் ஊற வைத்து, உறைய விட்டு, பிறகு பொருத்துவார்கள். இப்போது ஜெலட்டினோ கொலாஜனோ பூசியே வருகிறது.

1953இல் நெஞ்சுப் பகுதியின் கீழிறங்கும் தமனி வீக்கத்தை வெட்டி எடுத்தார்கள். 1954இல் கிழிசலுக்கான ஆபரேஷன். 1956இல் டிபேக்கியும் அவருடைய சகா டென்டன் கூலியும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு, மேலேறும் பகுதியையே மாற்றினார்கள். அந்த இயந்திரத்தில் ரத்தத்தைத் தள்ளும் உருளைப் பம்ப் இருக்கிறதே, அதையும் ரத்தம் ஏற்றுவதற்காக டிபேக்கி 1930களிலேயே மேம்படுத்தி வைத்திருந்தார். கூலிக்கும் அவருக்கும் பிறகு செயற்கை இதய விஷயத்தில் பெரிய சண்டை. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏறக்குறைய நாற்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. 2007இல்தான் சமாதானம். பார்க்கிங் தகராறில் பேசாமல் இருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. (சிரிப்பு.)

ஆபரேஷன் எப்படி நடக்கிறது? பிளம்பர் மெயின் லைனை மாற்றுவதென்றால் முதல் நாளே போர்டில் நோட்டீஸ் ஒட்டி, வால்வை மூடி, இரண்டு மணி நேரம் தண்ணீர் வராது என்கிறோம். மூளைக்கு அப்படி நோட்டீஸ் கொடுக்க முடியாது. சாதாரண உடல் சூட்டில் நான்கைந்து நிமிடம் ரத்தம் இல்லையென்றால் சேதம் தொடங்கிவிடும். மேலேறும் பகுதி மட்டும் என்றால் இதயத்தை நிறுத்திவிட்டு, இயந்திரம் வழியாக மற்ற இடங்களுக்கு ரத்தம் அனுப்பிக்கொண்டே வேலை செய்யலாம். வளைவு என்றால் மூளைக்குப் போகும் கிளைகளே அங்குதான் இருக்கின்றன. இதற்கு 1975இல் ராண்டல் கிரெப் என்பவர் ஒரு வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். இயந்திரம் வழியாக ரத்தத்தைக் குளிர வைத்து, உடம்பையே 18, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு ரத்த ஓட்டத்தை மொத்தமாக நிறுத்திவிடுவது. நம் பேரப்பிள்ளைகள் ஏசி ரிமோட்டில் வைப்பார்களே, அந்த 18. அந்தக் குளிரில் மூளைக்குத் தேவை மிகக் குறைந்துவிடும். சர்ஜனுக்குச் சுமார் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் இதயம் துடிக்காது, ரத்தம் ஓடாது, மூச்சு இல்லை. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றும். இப்போது பல இடங்களில் அவ்வளவு குளிர வைப்பதில்லை. வலது தோளுக்குக் கீழே இருக்கும் தமனி வழியாக மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பிக்கொண்டே தைக்கிறார்கள்.

தைப்பதுதான் பெரிய வித்தை. கிழிந்த தமனியின் சுவர் நனைந்த காகிதம் மாதிரி இருக்குமாம். நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சட்டைக் காலருக்குக் கேன்வாஸ் கொடுப்பது போல, உள்ளேயும் வெளியேயும் ஃபெல்ட் பட்டை வைத்து அதன்மேல் தைக்கிறார்கள். பெருந்தமனி தொடங்கும் இடத்தில் இருக்கும் வால்வும் கெட்டிருந்தால், வால்வோடு சேர்ந்த குழாயைப் பொருத்துவார்கள். இதை லண்டனில் ஹியூ பென்டாலும் ஆன்டனி டி போனோவும் 1968இல் எழுதினார்கள். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பென்டால்' என்று பார்த்தால் இதுதான். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வால்வு நன்றாக இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொண்டு குழாயை மட்டும் மாற்றும் முறையும் இருக்கிறது. அதற்கு டொரான்டோவின் டிரோன் டேவிட் பெயர்.

கீழிறங்கும் பகுதி வேறு கதை. அங்கே கிழிந்தால், மற்ற உறுப்புகளுக்குப் பாதிப்பு இல்லாதவரை, முதலில் மருந்தால் பிரஷரைக் குறைத்துக் காத்திருப்பார்கள். தேவைப்பட்டால் இடுப்புத் தமனி வழியாக, துணி போர்த்திய ஸ்டென்டைச் சுருட்டி அனுப்பி உள்ளே விரிப்பார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் குழு 1994இல் வெளியிட்ட அனுபவத்துக்குப் பிறகு இது பரவிவிட்டது. ஆனால் முதுகுத் தண்டுக்குப் போகும் சிறு கிளைகள் அடைபட்டால் கால் செயலிழக்கும் ஆபத்து, திறந்து செய்தாலும் உண்டு, ஸ்டென்ட் வைத்தாலும் உண்டு. டாக்டர் ஒப்புதல் படிவத்தில் அதைப் படித்துக் காட்டும்போது பயமுறுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் விடுபவரைவிட அவர் மேல்.

இப்போது டிபேக்கிக்கு வருவோம். ஜனவரி 3ஆம் தேதி ஸ்கேனில் அவர் சந்தேகித்தது உறுதியானது. அவருடைய பட்டியலிலேயே இரண்டாவது வகை. ஆபரேஷன் வேண்டாம் என்றார். மனதாலும் உடம்பாலும் முடங்கிப்போய்க் கிடக்க நேரிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று பிறகு சொன்னார். இதற்கு நடுவில் பிடிவாதமாகப் போய் அந்த உரையையும் ஆற்றிவிட்டு வந்தார். ஜனவரி முடியும்போது வீக்கம் 5.2 சென்டிமீட்டரிலிருந்து 6.6 ஆகிவிட்டது. பிப்ரவரி 9 அன்று நினைவு தப்பிவிட்டது. சர்ஜன் ஜார்ஜ் நூன், பல பத்தாண்டுகள் அவருடன் வேலை செய்தவர், ஆபரேஷன் செய்யலாம் என்றார். மயக்க மருந்து டாக்டர்கள் மறுத்தார்கள். இந்த வயதில், இந்த நிலைமையில், பிழைத்ததாக அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அது மட்டுமில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார்கள். ராத்திரியில் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடியது. பேச்சு நீண்டுகொண்டே போக, மனைவி காட்ரின் உள்ளே புகுந்து, நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார், வேலையை ஆரம்பியுங்கள் என்ற மாதிரி சத்தம் போட்டார். அனுமதி கிடைத்தது. டிபேக்கியுடன் முன்பு பல வருஷம் வேலை செய்த, வேறு மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் டாக்டர் வந்து மயக்க மருந்து கொடுத்தார். ஏழு மணி நேரம். டிபேக்கி உருவாக்கிய அதே மாதிரிக் குழாய் டிபேக்கியின் நெஞ்சுக்குள் போயிற்று.

பிழைத்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் கதையை முடித்துவிடக்கூடாது. வாரக்கணக்கில் வென்டிலேட்டர், கழுத்தில் துளை, டயாலிஸிஸ், வயிற்றில் குழாய் வழியாக உணவு. மாதக்கணக்கில் மருத்துவமனை. செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். தன் 98ஆவது பிறந்தநாள் வரும் செப்டம்பரில்தான் வீடு. அதன் பிறகு வேலைக்குப் போனார். 2008 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை நேரில் வாங்கிக்கொண்டார். அந்த ஜூலை 11இல் காலமானார், நூறுக்கு இரண்டு மாதம் குறைவு. ஆபரேஷன் செய்தது சரிதான், இல்லையென்றால் நான் இருந்திருக்க மாட்டேன் என்று அவரே சொன்னார்.

(இந்த இடத்தில், "அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு எப்படிச் செய்யலாம்?" என்று முன்வரிசை அம்மா ஒருவர் கேட்டார்.)

நல்ல கேள்வி அம்மா. எனக்கும் இதுதான் உறுத்தியது. வங்கியில் கணக்குதாரர் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் மனைவி வந்து எவ்வளவு அழுதாலும் செக்கைப் பாஸ் பண்ண முடியாது. மறுத்த டாக்டர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் எழுத்தை மதித்தார்கள். முடிவு நன்றாக வந்ததால் காட்ரின் செய்தது சரி என்று ஆகிவிட்டது. கழுத்துத் துளையோடு, நினைவில்லாமல், ஆறு மாதம் கழித்து இறந்திருந்தால் இதே கதையை நாம் வேறு மாதிரி சொல்லியிருப்போம். அவர் பெயர் வைத்த இடத்தில், அவர் வளர்த்த ஆட்கள், கணக்குப் பார்க்காத வைத்தியம். 97 வயதில் எல்லோருக்கும் இது நடக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒன்று சொல்லலாம். அவர் என்ன கையெழுத்துப் போட்டார், ஏன் போட்டார், எந்த நிலைமைக்குப் பயந்து போட்டார் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ராத்திரிக் கூட்டத்துக்குத் தேவை இருந்திருக்காது. நம் நாட்டில் 2018இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸடட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. அது மீள வழியே இல்லாத நிலைமைக்கானது. இப்படித் திடீரென்று ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று வரும்போது, வீட்டில் முன்பே பேசி வைத்த பேச்சுதான் கைகொடுக்கும். என் வீட்டில் பேசிவிட்டோம். என்ன பேசினோம் என்பது வேண்டாம்.

இனி நமக்கு உபயோகமானது. நெஞ்சுவலி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாரடைப்பைத்தான், அதை மறக்காதீர்கள். கிழிசல் அபூர்வம். ஆனால் இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். மாரடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க, கட்டி கரைய மருந்து கொடுப்பார்கள். கிழிசலில் அதே மருந்து ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அமெரிக்க நடிகர் ஜான் ரிட்டர் 2003இல் படப்பிடிப்பில் வலி வந்து போனபோது மாரடைப்பு என்று நினைத்து அதற்கான சிகிச்சை தொடங்கினார்கள். பெருந்தமனி கிழிந்திருந்தது. அன்றிரவே போய்விட்டார். 54 வயது. ஈசிஜி நார்மலாகவும் இருக்கலாம், மாரடைப்பு மாதிரியும் காட்டலாம். உறுதி செய்வது டை செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். ஆகவே வலி எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மெல்ல மெல்லக் கூடியதா, வந்த நொடியிலேயே உச்சமா? கிழிக்கிற மாதிரியா? முதுகுக்குப் போயிற்றா, இடம் மாறியதா? கை கால் மரத்ததா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா? இதைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். பர்ஸில் லோடிங் டோஸ் மாத்திரை வைத்திருப்பவர்கள், இந்த மாதிரி வலிக்கு என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். எந்த வலியானாலும் முதலில் 108. மேலேறும் பகுதி கிழிந்தால், சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூறில் ஒருவர் இருவர் இறக்கிறார்கள் என்பது பழைய கணக்கு. புதிய கணக்கு கொஞ்சம் குறைவாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அவசரமாக ஆபரேஷன் செய்தால் நூறில் பத்திலிருந்து இருபது பேரை இழக்கிறார்கள். அதுவே, வீக்கம் கிழியும் முன்பே கண்டுபிடித்து நிதானமாகச் செய்தால், அனுபவமுள்ள இடத்தில் மேலேறும் பகுதிக்கு இரண்டு மூன்று பேர்தான். பொதுவாக 5.5 சென்டிமீட்டரை ஒட்டி வரும்போது ஆபரேஷன் பேச்சை எடுப்பார்கள். மார்ஃபன் போன்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்கும் முன்பே.

மார்ஃபன் என்றதும் ஃப்ளோ ஹைமன் ஞாபகம் வருகிறார். அமெரிக்க வாலிபால் வீராங்கனை, ஆறடி ஐந்து அங்குலம், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி. 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். 31 வயது. மாரடைப்பு என்றார்கள். உடல் பரிசோதனையில் பெருந்தமனிக் கிழிசல், காரணம் மார்ஃபன் என்று தெரிந்தது. அதனால் அவருடைய தம்பியைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் தமனி கெட்டிருந்தது. ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பத்தில் ஒருவருக்குப் பெருந்தமனி வீக்கமோ கிழிசலோ இருந்தால், அல்லது திடீர் சாவுக்குக் காரணம் தெரியாமல் போயிருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லோருக்கும் பிரஷர்தான் முதல் எதிரி, அடுத்தது சிகரெட். நார்மலாகிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் அது நார்மல்.

(கேள்வி நேரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன.)

ஆன்டிபயாட்டிக் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகையைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரில் எச்சரிக்கை கொடுத்தது. பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள், அதற்கு வாய்ப்புள்ளவர்கள், வேறு வழி இல்லாவிட்டால் தவிர அவற்றைச் சாப்பிடக்கூடாது என்று. மருந்துக் கடையில் நாமே பெயர் சொல்லி வாங்குகிற மாத்திரைகள் இவை.

ஆபரேஷன் ஆனவர் மாடிப்படி ஏறலாமா என்றால், டாக்டர் சொன்ன பிறகு ஏறலாம், நடக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் தூக்குவதுதான் கூடாது. அப்போது பிரஷர் சட்டென்று எகிறும். வீக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கும் இதேதான். நம் தண்ணீர் கேன் 20 லிட்டர், 20 கிலோ. லிஃப்ட் ஓடாத நாட்களில் கேன் போடும் பையனையே மேலே கொண்டுவந்து டிஸ்பென்ஸரில் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கூடக் கேட்பான். கொடுத்துவிடுங்கள்.